அத்தியாயம் பதினான்கு: மூன்று போர்வை

விமானத்தின் கதவைச் சாத்தியாகிவிட்டது. இனி யாருக்கு மனசு மாறினாலும் இறங்க முடியாது.

போன வாரம் அத்தை வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டைப் பிடித்து மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் விட்டோம். புதிதாகச் சேர்ந்துகொண்டவர்களுக்காக நாலு வரி. அத்தைக்கு ஒரே மகன். பெரிய பெரிய கட்டடங்களுக்கு ஏசி போட்டுக் கொடுக்கும் என்ஜினீயர். அவன் மனைவி விமானத்தில் பணிப்பெண்களுக்கெல்லாம் சூப்பர்வைசர். பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்திய இருவரும் மூன்று மாதத்துக்கு முன்னால் பிரிந்துவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

சண்டை கிண்டை எதுவும் கிடையாது. கடல் கடந்து ஒரு வேலையை ஒப்புக்கொண்டு, கையெழுத்தும் போட்டுவிட்டு வந்து அவன் சொன்னான். நீண்ட தூர விமானங்களுக்கு மாற்றல் கேட்டு வாங்கிய பிறகு வந்து அவள் சொன்னாள். அந்த வீட்டில் எல்லாமே முடிந்த பிறகுதான் செய்தியாக வெளிவரும்.

மகன் அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போகிறான். ஒரே பிள்ளை, வேறெப்படி இருக்கும்? மருமகளும் தலையை ஆட்டிவிட்டாள். அத்தையை மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தையும் வாயைத் திறக்கவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரார் பேசிக்கொள்ள லைன் போட்டுக் கொடுத்தே காலத்தைத் தள்ளியவளுக்குத் தனக்காகப் பேசும் பழக்கம் வரவே இல்லை.

இந்த விமானம் இறங்கும் இடத்தில் மகனும் அம்மாவும் வேறு விமானம் மாறிப் புது ஊருக்குப் போக வேண்டும். மருமகள் அங்கே ஒரு நாள் தங்கிவிட்டுத் திரும்பிவிடுவாள். ஆக, மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கப்போவது இந்தப் பயணம் முடியும் வரைக்கும்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அம்மாவும் பிள்ளையும் வந்திருப்பது ஊழியர் குடும்பத்துக்கென்று கொடுக்கும் சலுகை டிக்கெட்டில். அதாவது மருமகள் தயவில். அன்று அந்த விமானத்தில் அவளுக்கு டியூட்டியே இல்லை. இன்னொருத்தியிடம் கேட்டு மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அதனால் வழக்கம்போல யாரிடமும் சொல்லவில்லை.

சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போன பிறகு பின்பகுதியில் குளிர் ஏறியது.

வெளியே பட்டப்பகல். உள்ளே ஜன்னல் மறைப்புகளை இறக்கிவிட்டு விளக்கைத் தணித்திருந்தார்கள். தலைக்கு மேலிருந்து காற்று சன்னமாக இறங்கிக்கொண்டே இருந்தது. பக்கவாட்டுச் சுவரைத் தொட்டால் கை சில்லிட்டது. ஜன்னலோரம் அத்தை, அடுத்தாற்போல் மகன்.

"குளிருதாம்மா?"

"இல்லடா. நல்லாத்தான் இருக்கு."

அத்தை இரண்டு கைகளையும் அக்குளில் செருகிவைத்திருந்தாள்.

"பல்லு கிட்டுது உனக்கு."

"அது பிளேன் ஆடறதுல."

மகன் பையிலிருந்து தன்னுடைய கம்பளி சாக்ஸை எடுத்து, குனிந்து அம்மாவின் காலில் மாட்டினான். தன் போர்வையையும் அவளுக்குப் போர்த்தினான். பிறகு நிமிர்ந்து விதானத்தைப் பார்க்க ஆரம்பித்தான். ஏசிக்காரன் எங்கே போனாலும் விதானத்தைத்தான் பார்ப்பான். கல்யாணத்தன்றுகூட அவன் மண்டபத்தின் காற்றுக்குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது மருமகளின் பழைய புகார்.

விமானத்தின் முன்கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு சின்னத் திரை இருக்கிறது. விளக்கு, தண்ணீர், ஒவ்வொரு பகுதியின் வெப்பம் எல்லாம் அதில் தெரியும். சூப்பர்வைசர் அதைத் தொட்டுக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் கேப்டனிடம்தான் கேட்க வேண்டும்.

பின்பகுதியில் வேலை செய்யும் பெண்ணிடமிருந்து போன் வந்தது. தலைமுடியை எப்படி வாரினாலும் அடங்காது என்பதால் அவளை எல்லோரும் சுருட்டை என்றே கூப்பிடுவார்கள்.

"மேடம், பின்னாடி ஒரு அம்மா திரும்பத் திரும்ப வெந்நீர் கேக்கறாங்க. குடிக்கறதில்ல. பாட்டிலைக் கையில வெச்சு உருட்டிக்கிட்டே இருக்காங்க."

"ஜன்னல் சீட்டா?"

"ஆமா மேடம். குளிருதாம்மான்னு கேட்டா இல்லேங்கறாங்க."

மருமகளுக்கு அதற்கு மேல் அடையாளம் தேவைப்படவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். டியூட்டி முடிந்து வியர்த்து விறுவிறுத்து வருகிறவள் மின்விசிறியைக் கடைசி வரைக்கும் திருகுவாள். அத்தை ஒன்றும் சொல்லாமல் ஒரு சால்வையை எடுத்துப் போர்த்திக்கொள்வாள். அவள் குளித்துவிட்டு வந்து சால்வையைப் பார்த்ததும் விசிறியைக் குறைப்பாள். அத்தை சால்வையைக் கழற்றுவாள். இப்படியே பன்னிரண்டு வருடம் ஓடியது. ஒரு நாளாவது "குறைக்கவா?" என்று இவள் கேட்டதும் இல்லை, "குறை" என்று அவள் சொன்னதும் இல்லை. அதை அன்யோன்யம் என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாதி உண்மையும்கூட.

"ஓய்வறையில என் போர்வை இருக்கு. கனமானது. அதைக் குடு."

"மேடம் குடுத்தாங்கன்னு சொல்லவா?"

"வேணாம்." கொஞ்சம் தயங்கி, "சரி, சொல்லு" என்றாள்.

போனை வைத்துவிட்டுத் திரையில் பின்பகுதியின் சூட்டை முடிந்த மட்டும் கூட்டினாள். எழுந்து போய் ஒரு நடை பார்த்துவிட்டு வந்திருக்கலாம். போகவில்லை. பயம்தான் காரணம். அத்தையின் முகத்தைப் பார்த்தால் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது.

அவர்கள் குடியிருந்த வீட்டை இந்த மாதக் கடைசியோடு விட்டுவிடுவதாக வீட்டுச் சொந்தக்காரரிடம் அவள் சொல்லிவிட்டாள். வேறொரு குடும்பம் வந்து பார்த்துப் பேசி முடித்தும் ஆகிவிட்டது. அத்தை போன பிறகு அத்தனை பெரிய வீட்டில் தனியாக இருக்க அவளுக்குத் தெம்பில்லை. அத்தையின் பின்னறையில் விளக்கு எரியாத வீட்டுக்கு எந்த முகத்தோடு திரும்பிப் போவது? இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்த வீட்டின் கதையே வேறாகியிருக்கும். அவள் வீட்டுச் சொந்தக்காரரிடம் போய்ச் சொன்னாள்.

அதே நேரத்தில் பின்னால் மகன் கண்டுபிடித்துவிட்டான். சாமான் வைக்கும் பெட்டிகளுக்குப் பக்கத்தில் விதானத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சல்லடைத் தகடு. தொழில் தெரிந்த கண்ணுக்கு அது என்ன என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பகுதியின் காற்றை இழுத்துச் சூடு பார்க்கும் சென்சார் அதற்குள்தான் இருக்கிறது. அதன் மேல் குளிரை வைத்தால் இடமே குளிர்ந்துவிட்டது என்று அது நம்பும். சூடான காற்றை அனுப்பச் சொல்லும்.

"கொஞ்சம் ஐஸ் கிடைக்குமா?" என்று சுருட்டையிடம் கேட்டான்.

"இந்தக் குளிர்லயா சார்?"

"தொண்டைக்கு."

சுருட்டை ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்து வந்தாள். அவள் அந்தப் பக்கம் போனதும் மகன் எழுந்து, கைப்பையிலிருந்து டேப் எடுத்து, ஐஸ் பையைச் சல்லடையோடு சேர்த்து ஒட்டினான். டேப் இல்லாமல் அவன் வீட்டை விட்டுக் கிளம்பியதில்லை. உட்கார்ந்ததும் இதமான காற்று இறங்குவது தெரிந்தது. ஸ்வெட்டரைக் கழற்றினான். திருப்தியாகக் கண்ணை மூடினான். நல்ல பிள்ளை என்று தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டே தூங்கிப்போனான்.

முன்னால் திரையைப் பார்த்த மருமகளுக்குத் திக்கென்றது. சூட்டைக் கூட்டிய பிறகும் பின்பகுதி இன்னும் குளிர்ந்திருப்பதாகத் திரை காட்டியது. ஐஸ் பையைத்தான் அது அளந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கேப்டனுக்குப் போன் போட்டாள்.

"பின்பகுதி ரொம்ப ஜில்லுன்னு இருக்கு சார். நல்லா ஏத்துங்க."

"ஏத்தறேன். யாராவது புலம்புறாங்களா?"

"புலம்பற ஆளில்ல சார் அவங்க. அதான் கவலை."

அடுத்து சுருட்டையிடமிருந்து போன். "மேடம், இங்க புழுங்குது."

"திரையில குளிர்தான் காட்டுது. நீ ஓடியாடி வேலை செய்யற, உனக்கு அப்படித்தான் இருக்கும். உக்காந்திருக்கறவங்களைப் பாரு. போர்வையை யாராவது எடுத்துட்டாங்களா?"

சுருட்டை எட்டிப் பார்த்தாள். பலர் எடுத்திருந்தார்கள். சிலர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் மேடம் யாரைக் கேட்கிறாள் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. ஜன்னலோர அம்மா கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"அந்த அம்மா எடுக்கல மேடம்."

"அப்ப இருக்கட்டும்."

வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவள் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே இதுதான். நடக்கிறவருக்கு வியர்க்கும், உட்கார்ந்திருக்கிறவருக்குக் குளிரும். உன் உடம்பை நம்பாதே. நல்ல பாடம்தான். அன்றைக்கு மட்டும் அது தப்பாகப் போயிற்று.

அத்தைக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். முதலில் கொடுத்த போர்வை ஒன்று, மகன் போர்த்தியது ஒன்று, மருமகள் அனுப்பியது ஒன்று. அதற்குள்ளே ஸ்வெட்டர், சால்வை. காலில் கம்பளி சாக்ஸ், மடியில் வெந்நீர் பாட்டில். காற்று அனலாக இறங்க ஆரம்பித்ததும் அவளுக்கு உச்சந்தலையிலிருந்து வியர்வை வழிந்தது. ஒன்றைத் தள்ளிவிட்டால் போதும். தள்ளவில்லை. "மேடம் குடுத்தாங்க" என்று அந்தப் பெண் கொண்டுவந்து கொடுத்திருந்தாளே. மூன்று மாதத்தில் மருமகள் அவளுக்கென்று சொல்லி அனுப்பிய முதல் சேதி அது. பக்கத்தில் மகன் வேறு நிம்மதியாகத் தூங்குகிறான். கிளறி எழுப்ப மனசு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் கண் இருட்டியது. தலை மெதுவாகச் சரிந்து மகனின் தோளில் விழுந்தது. விழித்துக்கொண்டவன் முதலில் அம்மா தூங்குகிறாள் என்று நினைத்தான். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தவுடன் எழுந்து நின்று கத்தினான்.

மருமகள் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஓடி வந்தாள். விமானத்தில் ஓடக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். வழியிலேயே அனல் அவள் முகத்தில் அடித்தது. என்ன நடந்திருக்கிறது என்று அந்த நிமிடமே புரிந்துவிட்டது, எப்படி என்றுதான் புரியவில்லை.

இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையல் பகுதியின் தரையில் படுக்கவைத்தார்கள். மருமகள் போர்வைகளை உரித்து எறிந்தாள். சால்வை, ஸ்வெட்டர், சாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றினாள். கால்களைத் தூக்கிப் பெட்டி மேல் வைத்து, ஈரத்துணியால் நெற்றியையும் கழுத்தையும் துடைத்து, ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்தினாள். கை தன்பாட்டில் வேலை செய்தது. வாய் மட்டும் "அத்தை, அத்தை" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. மகன் கதவோரம் நின்று கையைப் பிசைந்தான்.

அத்தை கண்ணைத் திறந்தாள். மூச்சு சீரானது. சுருட்டை நீர் சொட்டும் பையோடு வந்து நின்றாள்.

"மேடம், இது மேல ஒட்டியிருந்துச்சு."

மருமகள் பையைப் பார்த்தாள். டேப்பைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"நீங்களா?"

"அம்மாவுக்குக் குளிருச்சு. சென்சார்ல ஐஸ் வெச்சா சூடு வரும்னு..."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? பட்டனை அழுத்தினா ஆள் வந்திருக்கும்."

"நீ சூட்டை ஏத்தினியே, என்கிட்ட சொன்னியா?"

"பயணிகிட்டல்லாம் கேட்டுட்டா ஏத்துவாங்க?"

"நான் பயணியா?"

சுருட்டை ஐஸ் பையைக் கொட்டுகிற சாக்கில் நகர்ந்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண்.

அத்தை முகமூடியை விலக்கினாள். "ரெண்டு பேரும் சத்தம் போடாதீங்க. ஜனங்க தூங்கறாங்க."

"ஏன் அத்தை, வேர்த்து ஊத்தற வரைக்கும் அதையெல்லாம் போர்த்திக்கிட்டு இருந்தீங்க? ஒண்ணை எடுத்துப் போட்டிருக்கலாம்ல?"

"நீ குடுத்தனுப்பினதும்மா. எப்படி எடுத்துப் போடறது?"

"சாக்ஸையாவது கழட்டியிருக்கலாமே" என்றான் மகன்.

"நீ குனிஞ்சு மாட்டிவிட்டடா."

மருமகளுக்கு அழுகை வந்தது. சீருடையில் இருக்கும்போது அழக் கூடாது. தரையில் அத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். மகன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விதானத்தைப் பார்த்தான்.

"உங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போறீங்களே, அவங்களைக் கேட்டீங்களா?" என்றாள் மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நீ கேட்டியா?"

"இல்ல."

"நானும் இல்ல." அவன் அம்மாவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "இப்ப கேக்கறேன். உனக்கு எங்கம்மா இருக்கணும்?"

அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கேள்வி புதிது அல்லவா?

"கோவிச்சுக்க மாட்டியே?"

"மாட்டேன்."

"நான் நம்ம வீட்டுக்கே திரும்பிப் போறேன்டா. என் பின்னறை போதும் எனக்கு. இவ கண்ட நேரத்துல டியூட்டி முடிஞ்சு வருவா. கதவைத் திறந்துவிட ஆள் வேணாமா? நீங்க பிரிஞ்சா பிரிஞ்சுக்குங்க. எனக்கும் இவளுக்கும் ஒண்ணுமில்லையே."

மருமகளின் முகத்தில் ரத்தம் இல்லை. கேட்க ஏங்கிய வார்த்தைகள்தான். ஒரு வாரம் முந்தி வந்திருக்கக் கூடாதா?

"அத்தை."

"சொல்லும்மா."

"அந்த வீட்டை விட்டுட்டேன்."

"விட்டுட்டேன்னா?"

"காலி பண்றேன்னு சொல்லிட்டேன். மாசக் கடைசியில வேற ஆளுங்க வர்றாங்க. நான் ஏர்போர்ட் பக்கத்துல ஒரு ரூம் பாத்திருக்கேன். இன்னொரு பொண்ணோட சேர்ந்து."

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள். மருமகளை வெகுநேரம் பார்த்தாள். கோபம் இருந்தது, அதைவிட வருத்தம் அதிகமாக இருந்தது.

"அதையும் நீயாவே முடிவு பண்ணிட்ட."

கீழே இறங்கப் போவதற்கான மணி அடித்தது. அவரவர் அவரவர் இடத்துக்குப் போக வேண்டும். மகன் அம்மாவைக் கைத்தாங்கலாக இருக்கைக்குக் கூட்டிப்போனான். மருமகள் முகத்தைக் கழுவிக்கொண்டு முன்னால் போய் ஒலிவாங்கியை எடுத்தாள். இருக்கையை நிமிர்த்துங்கள், பெல்ட்டைப் போடுங்கள், வெளியே இதமான வெயில் அடிக்கிறது, எங்களோடு பறந்ததற்கு நன்றி. குரலில் ஒரு பிசிறு இல்லை. அத்தனை வருடத்துப் பழக்கம்.

பயணிகள் எல்லோரும் இறங்கிய பிறகு அத்தைக்குச் சக்கர நாற்காலி வந்தது. தள்ளுகிற ஆளுக்கு அவசரம். விமானத்தின் வாசலிலேயே நிறுத்திக் கேட்டான்.

"அம்மாவை அடுத்த பிளேனுக்குக் கொண்டுபோகணுமா, வெளிய கொண்டுபோகணுமா? சீக்கிரம் சொல்லுங்க, அங்க கதவைச் சாத்திடுவாங்க."

மகன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். மருமகளும் திறந்தாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருவரும் மூடிக்கொண்டார்கள். அன்று அவர்கள் சேர்ந்து செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, மூணு பேர் உக்காந்து பேசற மாதிரி இங்க எங்கயாவது இடம் இருக்கா?"

"அம்மா, பிளேன் போயிடும்மா" என்றான் மகன்.

"போகட்டும்டா. நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல."